விடுமுறையும் தண்ணீர்க்குழாயும்

ஆண்டிறுதி நெருங்கிவிட்டால் வகுப்பறைக்குள் ஒரு பரபரப்பு வந்துவிடும். புத்தகங்கள் கட்டப்படும், நாற்காலிகள் மேசைமேல் ஏற்றப்படும், ஊருக்குப் போகும் நாளைச் சிலர் விரல்விட்டு எண்ணுவார்கள். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பள்ளிகள் மூடப்படும். நம் நாட்டில் பனியும் இல்லை, குளிர்காலமும் இல்லை. வடகிழக்குப் பருவமழை மட்டும் உண்டு. ஆயினும் ஆண்டின் மிக நீண்ட விடுமுறை நமக்கும் அந்தக் காலத்தை ஒட்டியே பல ஆண்டுகளாக அமைந்திருந்தது. நவம்பர் நடுவில் மூடப்பட்ட பள்ளி, புத்தாண்டு பிறந்த பிறகுதான் திறக்கும். கோவிட்-19 பெருந்தொற்று இந்த வழக்கத்தை மாற்றியது. 2022-இலிருந்து சில ஆண்டுகள் பள்ளித் தவணை மார்ச்சு மாதத்தில் தொடங்கியது. 2025-இல் அது பிப்ரவரிக்கு வந்தது. 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது.

மாதம் எதுவானாலும் ஒரு கேள்வி மாறுவதில்லை. பல வாரங்கள் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால், படித்ததெல்லாம் என்ன ஆகும்? மறந்துவிடும் என்று பெற்றோர் சொல்வார்கள். மறக்காது என்று நாம் சொல்வோம். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

மறதியை முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். தம் ஆய்வை அவர் 1885-இல் வெளியிட்டார். ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே! பொருளற்ற அசைகளை நீண்ட பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தார். சில நிமிடங்கள், சில மணி நேரம், சில நாள் எனக் காலம் விட்டு, அதே பட்டியலை மீண்டும் மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைத்தார். ஒரு நாள் கழித்துப் படித்தபோது, முதல்முறை செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. 31 நாள்களுக்குப் பின் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் உள்ளன. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பது ஒன்று. ஒரு மாதம் ஆன பிறகும் எல்லாம் அழிந்துவிடுவதில்லை என்பது மற்றொன்று. நினைவில் இல்லை என்று நாம் எண்ணும் பாடம்கூட, மறுமுறை படிக்கும்போது முன்னைவிட விரைவாக வந்து சேர்கிறது. எப்பிங்ஹவுஸ் படித்தவை பொருளற்ற அசைகள் என்பதையும் கருத வேண்டும். பொருள் புரிந்து படித்த கதையும் கட்டுரையும் அவ்வளவு விரைவில் நழுவுவதில்லை.

பள்ளி மாணவரை வைத்து நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்குக் கோடை விடுமுறை ஏறக்குறைய பத்து வாரம். ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவருடைய குழுவினரும் அதுவரை வெளிவந்த 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்கு மாணவர்கள் பின்தங்குகிறார்கள் என்று அதில் கண்டனர். வாசிப்பைக் காட்டிலும் கணிதத்தில் இழப்பு மிகுதி. காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமன்று. வீட்டில் இருக்கும்போதும் நாளிதழ், கடைப்பலகை, திறன்பேசிச் செய்தி என்று எதையாவது வாசித்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால், பின்னங்களை வகுக்க வேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை. பின்னாளில் வந்த ஆய்வாளர் சிலர், பழைய தேர்வுகள் அளந்த முறையிலேயே குறை இருந்தது, இழப்பு அவ்வளவு பெரிதன்று என்று வாதிட்டனர். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நம் விடுமுறை அமெரிக்க விடுமுறையைவிடக் குறுகியது. எனவே, ‘ஒரு மாத இழப்பு’ என்பதை அப்படியே நம் பள்ளிகளுக்குப் பொருத்திப் பேசுவது சரியாகாது.

இழப்பின் அளவைவிட அது யாரை எவ்வாறு தாக்குகிறது என்பதே முக்கியம். இதைக் கவனித்தவர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆய்வு நடத்திய கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் ஆகியோரின் குழுவினர். 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஏறக்குறைய 800 பிள்ளைகளை அவர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தனர். பள்ளி நடக்கும் மாதங்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினர். விடுமுறையில்தான் இடைவெளி விழுந்தது. இதை விளக்க அவர்கள் தண்ணீர்க்குழாயை உவமையாகக் காட்டினர். பள்ளி திறந்திருக்கும்போது குழாய் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பள்ளி மூடினால் குழாயும் மூடிக்கொள்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இந்த உவமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நீர்த்தடை அறிவிப்பு வந்த நாளில் நம் குடியிருப்புகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கூரைக்குமேல் பெரிய தொட்டி உள்ள வீட்டில் தடை வந்ததே தெரியாது. வழக்கம்போல் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். தொட்டி இல்லாத அடுக்குமாடி வீட்டில் வாளிகளும் பானைகளும் வரிசையாக நிற்கும். இரண்டாம் நாள் தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பார்கள். குழாய் இரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் மூடியது. வேறுபாடு தொட்டியில் இருந்தது. விடுமுறையில் அந்தத் தொட்டி என்பது வீட்டில் உள்ள நூல்கள், பேச்சுக்கு நேரமுள்ள பெரியவர், சென்று வரும் இடங்கள், இணைய வசதி ஆகியவைதாம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நாடு முழுவதும் குழாய் ஒரேயடியாக மூடப்பட்டது. இயங்கலையில் பாடம் நடத்தலாம் என்றார்கள். கல்வி அமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. கணினி, திறன்பேசி போன்ற எந்தக் கருவியும் இல்லாத மாணவர்கள் 36.9 விழுக்காட்டினர் என்று தெரியவந்தது. மூவரில் ஒருவருக்கு மேல்! ஒரே திறன்பேசியை அண்ணன், தங்கை, வேலைக்குச் செல்லும் அப்பா மூவரும் பகிர்ந்துகொண்ட வீடுகளும் இருந்தன. அப்பா பின்னிரவு வேலை முடித்து வந்த பிறகுதான் அன்றைய வீட்டுப்பாடம் என்னவென்றே தெரியும். 2021 பிப்ரவரியில் ‘டிடிக் டிவி’ என்னும் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இணையம் இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கும் என்பது அதன் வசதி.

கிள்ளான் பள்ளத்தாக்கு இந்தியர்களுக்குக் குழாய்க்கு வெளியே தண்ணீர் தேடும் பழக்கம் புதிதன்று. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் மு. தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். வார இறுதியில் தோட்டப்புற, நகர்ப்புறப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லும் முயற்சியாக அது வளர்ந்தது. பாடம் சொல்லித் தந்தவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். பத்துமலைக்குப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து செல்லும் கல்வி யாத்திரை அந்நிலையத்தின் அடையாளங்களுள் ஒன்று. படிப்பு என்பது பள்ளிக் கட்டடத்துக்குள் மட்டும் நடக்கும் செயலன்று என்பதை ஒரு தலைமுறைப் பெற்றோர் அங்குதான் நேரில் கண்டனர்.

சரி, நிலையமும் இல்லை, கூடுதல் வகுப்பும் இல்லை என்றால் தனியொரு மாணவர் என்ன செய்யலாம்? தடித்த பயிற்சி நூலைக் கையில் கொடுத்து அனுப்புவது பலருக்குத் தெரிந்த வழி. அதன் கதையையும் எல்லாரும் அறிவோம். நான்கு வாரம் அது பையைவிட்டு வெளியே வராது. பள்ளி திறப்பதற்கு முதல் நாள் இரவு, கடைசிப் பக்கத்தில் உள்ள விடைகள் முன்பக்கத்துக்குக் குடிபெயரும். அந்த உழைப்பால் கைதான் வலிக்கும்.

இங்கு மற்றோர் ஆய்வு கைகொடுக்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகிய இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவருள் ஒரு பிரிவினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பத்தியைப் பாராமல் நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்களே வென்றனர். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழானது. பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே பாடம் மிகுதியாக நினைவில் இருந்தது. ஆகவே, விடுமுறைக்கு ஏற்ற கருவி ஒரு வெற்றுத்தாள்தான். காலையில் பதினைந்து நிமிடம், சென்ற ஆண்டுப் பாடத்தில் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திறவாமல், தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்து அதே தலைப்பை மறுபடி எழுதுங்கள். சிவப்பு மை குறைந்திருப்பதை நீங்களே காண்பீர்கள். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, இடைவெளி விட்டுச் செய்யும் இந்தச் சிறு முயற்சி நீண்டநாள் நிற்கும். மீதி நாள் முழுவதும் உங்களுடையது. பந்து விளையாடுங்கள், நன்றாக உறங்குங்கள்.

வாசிப்புக்கு வருவோம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் ஆகியோர் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் ஒரு சோதனை செய்தனர். கோடை விடுமுறை தோறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 நூல்கள் இலவசமாக வழங்கினர். மூன்று ஆண்டுகள் இவ்வாறு செய்தபின், நூல் பெற்ற பிள்ளைகள் வாசிப்பில் மற்றவர்களை முந்தியிருந்தனர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நூல்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தனர். பாட்டி சொன்ன நூல், ஆசிரியர் சொன்ன நூல் என்று கையில் திணிக்கவில்லை. துப்பறியும் கதை பிடித்தால் துப்பறியும் கதை, காற்பந்து வீரர் வரலாறு பிடித்தால் அது. உயர்ந்த இலக்கியத்துக்கு அதற்குரிய காலம் வரும்.

நூலுக்கு எங்கே போவது? கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம் இருக்கிறது. மெர்டேக்கா சதுக்கத்தின் அருகே கோலாலம்பூர் நூலகம் இருக்கிறது. ஷா ஆலமில் ராஜா துன் ஊடா நூலகம் உள்ளது. மலேசியாவில் அச்சாகும் எந்த நூலும் தேசிய நூலகத்துக்கு வழங்கப்பட வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நம் எழுத்தாளர்களின் தமிழ் நூல்களுக்கும் அது பொருந்தும். பள்ளிப் பாடநூல்களைக் கல்வி அமைச்சின் ‘டெலிமா’ தளத்தில் மின்னூலாகவும் படிக்கலாம்.

நூலகம் தொலைவு என்பவருக்கும் ஊர் இருக்கிறது. விடுமுறைச் செயல்திட்டத்துக்கு நம் பகுதியைப் போல் வளமான இடம் குறைவு. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1881-இல் கோலாலம்பூர் நகரம் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் அழிந்தது. பலகையாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டிய வீடுகள் நிற்கவில்லை. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் நிர்வாகத்தில் முடிவாயிற்று. அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்ட காளவாய்கள் இருந்த இடமே இன்று நாம் தோசை உண்ணச் செல்லும் பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இரயில்பாதை திறக்கப்பட்டபோது, ஆற்றின்மேல் பாலம் இல்லாமையால் இரயில் புக்கிட் கூடாவிலேயே நின்றுவிட்டது. 1890-இல் பாலம் முடிந்த பிறகுதான் அது கிள்ளான் நகருக்குள் வந்தது. இரயில்வே ஊழியர்க்காக 1915-இல் பிரிக்பீல்ட்ஸில் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. 1904-இல் எழுந்த விவேகானந்தர் ஆசிரமம் இன்னும் நிற்கிறது.

இவற்றை வைத்து எத்தனையோ செய்யலாம். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் ஒருமுறை செல்லுங்கள். நிலையங்களின் பெயரையும் சேரும் நேரத்தையும் குறித்து, சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள். அது கணிதம். இரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த தாத்தா யாரேனும் உறவில் இருந்தால், அவரிடம் அரை மணி நேரம் பேசி, பேசியதை எழுதுங்கள். அது தமிழ், வரலாறு இரண்டும். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள தேசிய அருங்காட்சியகம் 1963-இல் திறக்கப்பட்டது. அங்குப் பார்த்த ஒரே ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. ஜாலான் தெங்கு கிளானாவில் அம்மாவோடு சாமான் வாங்கும்போது, கடைக்காரர் கூட்டிச் சொல்வதற்குமுன் மனக்கணக்காகக் கூட்டிப் பாருங்கள். அவரை முந்துவது அவ்வளவு எளிதன்று!

இதுவரை கூறியது எல்லா விடுமுறைக்கும் பொருந்தும். ஆனால், தமிழ்ப்பள்ளி மாணவருக்கு ஒரு விடுமுறை மட்டும் தனி. அது ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் இடையில் வருவது. உங்கள் தம்பியோ தங்கையோ அந்தக் கட்டத்தில் இருக்கலாம். ஆறு ஆண்டுகள் கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் கற்ற பிள்ளை, படிவம் ஒன்றில் அதே பாடத்தை மலாய்மொழியில் சந்திக்கிறது. ‘பின்னம்’ அங்கே ‘பெச்சாஹான்’ ஆகிவிடுகிறது; ‘பரப்பளவு’ ‘லுவாஸ்’ ஆகிவிடுகிறது. கணக்குத் தெரியும், கேள்வி புரியாது. ஆசிரியர் கேட்கும்போது வாய் திறவாமல் இருக்கும் அந்தப் பிள்ளையை மந்தம் என்று வகுப்பு எண்ணிவிடும். அவன் மறந்தது கணக்கையன்று. அவனுக்குத் தெரிந்த கணக்குக்குப் புதிய மொழியில் இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப நீங்களே ஏற்றவர். அந்தப் பாதையை அண்மையில் கடந்தவர் நீங்கள். ஒரு குறிப்பேட்டை மூன்று பத்தியாகப் பிரித்து, ஒன்றில் தமிழ்ச்சொல், அடுத்ததில் மலாய்ச்சொல், மூன்றாவதில் ஆங்கிலச்சொல் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு ஐந்து சொல் போதும். நான்கு வாரத்தில் 140 சொல் சேரும். படிவம் ஒன்று கணித, அறிவியல் நூல்களின் முதல் சில பாடங்களுக்கு அது நல்ல துணை. உங்கள் பழைய பாடநூலிலிருந்து ஒரு கணக்கை மலாய்மொழியில் படித்துக் காட்டி, அதைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கத் தெரிந்தால் புரிந்திருக்கிறது. சொல்லிக் கொடுக்கும்போது உங்களுக்கும் அந்தப் பாடம் தெளிவாகும் என்பது கூடுதல் ஊதியம்.

இதே விடுமுறையில் தமிழுக்கும் ஓர் ஆபத்து உண்டு. தமிழ்ப்பள்ளியில் தமிழ் நாள்முழுதும் காதில் விழும். இடைநிலைப்பள்ளியில் அது வாரத்தில் சில பாடவேளை மட்டுமே. சில பள்ளிகளில் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்பு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் ஒரு தேசியப் பள்ளியில் தமிழ்மொழி வகுப்பு நடத்த வழியுண்டு. ஒரே தமிழ்ப்பள்ளியிலிருந்து பிள்ளைகள் ஐந்தாறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகும்போது, ஒரு பள்ளியில் அந்த எண்ணிக்கை நிறைவதும் நிறையாததும் ஓரிரு குடும்பங்களைப் பொறுத்தே அமையும். தாய்மொழி வகுப்புக்கான விருப்பத்தைப் பதிவின்போதே பள்ளியிடம் தெரிவித்துவிடுவது நல்லது. ஆகவே, தம்பியோடு அதே பள்ளிக்குச் செல்ல இருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று விடுமுறையிலேயே விசாரித்து ஒரு பட்டியல் எழுதுங்கள். பெயர்கள் பதினைந்தை எட்டவில்லை என்றால், பக்கத்துக் குடியிருப்பிலும் அயல் தமிழ்ப்பள்ளியிலும் யாரேனும் அங்கே சேர்கிறார்களா என்று அம்மாவையும் அப்பாவையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.